தூண்டில் பிளாங்க்கை அரை அடி நீட்டுவது எப்படி?

பிடி, ரீலை மாட்டும் ரீல் சீட், நரம்பு ஓடும் வளையம் எதுவும் மாட்டாத வெறும் குழாய்தான் பிளாங்க். சொந்தமாக ராடு கட்டுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது: நுனியின் துள்ளலும் வளைவும் மனசுக்குப் பிடித்துப்போன பிளாங்க் ஏழு அடியில்தான் இருக்கிறது. கரையில் நின்று இரண்டு கையாலும் வீச ஏழரை அடி இருந்தால் தேவலை. வேறு பிளாங்க் வாங்கினால் நீளம் கிடைக்கும், அந்த நுனி கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில்தான் நீட்டும் வேலைக்கு மதிப்பு. ஒரு அடிக்கு மேல் வேண்டும் என்றால், புதுசே வாங்கிவிடுங்கள்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்வோம். நீட்டுவது அடிப்பக்கத்தில் மட்டும், நுனியில் இல்லை. நுனியில் ஒட்டும் ஒரு கிராம்கூட கையில் பாரமாகத் தெரியும். வளைவும் மாறிவிடும், எந்த எடையுள்ள இரையை வீச அந்த பிளாங்க்கைச் செய்தார்களோ அந்தக் கணக்கும் கெட்டுவிடும். அடிப்பக்கத்தில் சேர்க்கும் துண்டு பிடிக்குள் மறைந்துகொள்ளும், வளைவைத் தொடாது. கூடுதலாக, நுனிப் பாரத்துக்குப் பின்னால் ஒரு எதிர்ப்பாரமும் கிடைக்கும்.

ரீல் எங்கே உட்காரப் போகிறது?

பசையைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஏழு அடி, அதாவது 213 செ.மீ. பிளாங்க்கை 15 செ.மீ. நீட்டி ஏழரை அடியாக்குகிறோம், ரீல் முதலில் அடிமுனையிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருப்பதாகத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி உண்டு.

ஒன்று, ரீலை நகர்த்தாமல் விடுவது. பின்பிடி 45 செ.மீ. ஆகிவிடும். இரு கை வீச்சுக்கு வசதி, வளையங்களின் இடைவெளிக் கணக்கும் மாறாது. இன்னொன்று, ரீலையும் 15 செ.மீ. பின்னுக்குக் கொண்டுவருவது. இதில் கைக்கு முன்னால் இருக்கும் நீளம் கூடும், ராடு நுனிப்பாரமாகத் தோன்றும், ரீலுக்கு அருகில் வரும் பெரிய வளையத்தின் இடத்தை மறுபடி பார்த்து வைக்க வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். காரணம் இணைப்பின் மேல் விழும் சுமை. மீன் இழுக்கும்போது வளைவுச்சுமை உச்சத்தில் இருப்பது முன்கை பிடிக்கிற ரீல் இடத்தில். அங்கிருந்து பின்கை பிடித்திருக்கும் அடிமுனை வரை அது சீராகக் குறைந்துகொண்டே வரும். நம் செருகு துண்டு, அதாவது ஒரு பகுதி பிளாங்க்கின் அடிவாய்க்குள் நுழைந்து மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், உள்ளே 12 செ.மீ. போகிறது என்றால், அதன் மேல்முனை புதிய அடியிலிருந்து 27 செ.மீ. உயரத்தில் இருக்கும். ரீல் 45-இல் இருந்தால் அந்த இடத்துக்கு வருவது உச்சச் சுமையில் 60 சதவீதம். ரீலை 30-க்கு இறக்கினால் அதே இடத்தில் 90 சதவீதம். துண்டும் ஒன்றுதான், பசையும் ஒன்றுதான், சுமை மட்டும் ஒன்றரை மடங்கு.

ஒரு கையால் வீசுகிறவர் என்றால் 45 செ.மீ. பின்பிடி விலாவில் இடிக்கும். அவருக்கு இந்த வேலையே தேவையில்லை.

செருகு துண்டைத் தேடுவது

உடைந்த பழைய ராடின் அடித்துண்டுதான் முதல் தேர்வு. பிளாங்க்கைப் போலவே அதுவும் ஃபைபர்கிளாஸ் அல்லது கிராஃபைட் குழாய், ஒரு பக்கம் சிறுத்துக்கொண்டு போகும். பழைய கிராஃபைட் கோல்ஃப் கம்பும் நன்றாக உதவும். பிடிப் பக்கம் சுமார் 15 மி.மீ. இருந்து கீழே போகப்போகச் சிறுக்கும், அதனால் நமக்கு வேண்டிய அளவு அதில் எங்காவது இருக்க வாய்ப்பு உண்டு.

மரக்குச்சி ஈரத்தில் உப்பும். பிவிசி குழாய் வளையும். அலுமினியக் குழாய் பலமானதுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் கிராஃபைட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப் போகும். கடல் மீன்பிடிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே போகும் ஆழம் எவ்வளவு? பிளாங்க் வாயின் உள்விட்டத்தைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உள்விட்டம் 12 மி.மீ. என்றால் சுமார் 10 முதல் 12 செ.மீ. ஆகவே வெட்ட வேண்டிய துண்டு 12-ம் 15-ம் சேர்ந்து 27 செ.மீ. ஒரு செ.மீ. கூடுதலாகவே வெட்டுங்கள், கடைசியில் சீவிக்கொள்ளலாம்.

வெட்டுதல்

வெட்டுகிற இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போடுங்கள். டேப் இல்லாவிட்டால் நார் பிய்ந்து வரும். பொடிப் பல் ஹேக்சா பிளேடால் ஒரே பக்கத்திலிருந்து அறுக்காமல், குழாயைச் சுழற்றிச் சுழற்றிச் சுற்றிலும் கீறி அறுங்கள். முகமூடி கட்டாயம். கிராஃபைட், ஃபைபர்கிளாஸ் இரண்டின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டாலும் அரிக்கும். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

பொருத்திப் பார்த்தல்

இந்த வேலையில் பாதி நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மோசமான பொருத்தத்தை அது காப்பாற்றாது.

துண்டின் மெல்லிய முனையை பிளாங்க்கின் அடிவாய்க்குள் மெதுவாக விடுங்கள். நிற்கும் இடம் வந்ததும் அழுத்தாதீர்கள். உள்ளே ஆப்பு அடித்ததுபோல ஆகி, பிளாங்க் நெடுக விரிசல் விடும். துண்டின் மேல் சாக்பீஸைக் கனமாகத் தேய்த்து, உள்ளே விட்டு, லேசாகத் திருகி வெளியே எடுத்துப் பாருங்கள். சாக்கு எங்கே அழிந்திருக்கிறது?

வாய்ப் பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தால், துண்டு பிளாங்க்கைவிட வேகமாகத் தடிக்கிறது என்று பொருள். மேல்முனை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும், சுமை முழுக்க வாய் விளிம்பில் விழும். மேல்முனையில் மட்டும் அழிந்திருந்தால் நேர் எதிர்: வாயருகே இடைவெளி இருக்கிறது. நீளம் முழுக்கத் திட்டுத்திட்டாக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. அழிந்த இடத்தை 220 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, மறுபடி சாக்கு பூசி, மறுபடி விட்டுப் பாருங்கள். பொறுமை போகும், பரவாயில்லை. தேய்ப்பது எப்போதும் செருகு துண்டைத்தான். பிளாங்க்கின் உட்சுவரைக் குடையாதீர்கள்.

துண்டு மொத்தத்தில் மெலிந்ததாக இருந்தால், மேலே ஓரிடம், நடுவில் ஓரிடம், வாயருகே ஓரிடம் என்று வளையம் கட்டும் நைலான் நூலைச் சுற்றி, எபாக்சி (இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை) பூசிக் காயவிட்டுத் தடிமனைக் கூட்டலாம். மாஸ்கிங் டேப்பை இங்கே சுற்றாதீர்கள். சுமை தாங்கும் இணைப்புக்குள் அது காகிதம்தான்.

இன்னொரு சின்ன வேலை. துண்டின் மேல்முனையில், குழாயின் உள்விளிம்பை வட்ட அரத்தால் ஒன்றிரண்டு செ.மீ. நீளத்துக்குச் சரித்துவிடுங்கள். சுவர் படிப்படியாக மெலிந்து முடியும். அப்படிச் செய்யாவிட்டால் துண்டு முடிகிற இடத்தில் விறைப்பு சட்டென்று மாறும், பிளாங்க் உடைகிறதென்றால் அந்தக் கோட்டில்தான் உடையும்.

வாய்க்கு நூல் கட்டு

ஒட்டுவதற்கு முன்பே பிளாங்க்கின் அடிவாயைச் சுற்றி வெளிப்பக்கம் 2 செ.மீ. அகலத்துக்கு நூலை இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் சுற்றி எபாக்சி பூசுங்கள். உள்ளிருந்து துண்டு நெம்பும்போது வாய் விரிந்து பிளக்காமல் இது பிடித்துக்கொள்ளும். பிடிக்குள் மறையப்போவதால் அழகு பார்க்க வேண்டாம்.

ஒட்டுதல்

குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி பிளாங்க்கின் உட்பக்கப் பளபளப்பை மட்டும் எடுங்கள். துணியில் ஸ்பிரிட் நனைத்து உள்ளும் புறமும் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் அந்த இடத்தில் விரல் படக்கூடாது, கையின் எண்ணெய்ப் பசை போதும் பிடிமானத்தைக் கெடுக்க.

மெதுவாக இறுகும் இரண்டு டியூப் அரால்டைட் மாதிரியான எபாக்சி வேண்டும். ஐந்து நிமிட வகை வேண்டாம். நேராக்கிப் பார்ப்பதற்குள் இறுகிவிடும், ஈரத்தையும் அந்த அளவுக்குத் தாங்காது. சரிபாதியாக எடுத்து நன்றாகக் குழையுங்கள். உட்சுவரில் மெல்லிசாக, துண்டின் மேல் கொஞ்சம் தாராளமாகப் பூசித் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். பிளாங்க்கின் நுனி ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் துண்டை மெல்லத் தள்ளிவிடும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு அட்டைப்பெட்டியில் V வடிவத்தில் வெட்டி பிளாங்க்கை அதில் படுக்கவைத்துச் சுழற்றுங்கள். புதிய முனை வட்டமடிக்காமல் ஒரே இடத்தில் சுழன்றால் சரி. வழிந்த பசையை ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

சோதனையும் பிடியும்

காய்ந்ததும் ரீல் வரும் இடத்தில் ஒரு கை, அடிமுனையில் ஒரு கை வைத்து, நுனியை எதிலாவது கட்டி மெதுவாக வளையுங்கள். இணைப்பிலிருந்து ‘டிக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே எங்கோ பசை பிடிக்கவில்லை. அதன் மேல் பிடியை மாட்டி மறைக்காதீர்கள். சத்தம் இல்லையென்றால் மேலே போகலாம்.

செருகு துண்டு பிளாங்க்கைவிட மெலிந்திருப்பதால் வாயருகே ஒரு படி தெரியும். சுமை தாங்காத இந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 15 செ.மீ. துண்டின் மேல் பட்டைபட்டையாகச் சுற்றி, வெளிவிட்டம் பிளாங்க்குக்குச் சமமாக வந்ததும், பட்டைகளின் இடைவெளியை எபாக்சியால் நிரப்பி, ஈவிஏ ஃபோம் பிடியையோ கார்க் பிடியையோ ஏற்றுங்கள். பிடி ஒரே துண்டாக இணைப்பைத் தாண்டிப் போகட்டும், இரண்டு பிடித்துண்டுகள் சந்திக்கும் இடம் சரியாக வாயின் மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாகப் பிரியும் ராடு என்றால் கீழ்த்துண்டு மட்டும் அரை அடி கூடியிருக்கும். பழைய உறைக்குள் அது போகாது. உறையையும் அளந்து வாங்கிவிடுங்கள்.