டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு பக்கம் தமிழோ வரலாறோ படிக்கும் மாணவர்களுக்கு டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ், அதாவது இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் பாடத்தை நடத்துகிறவர்கள் பலர் முதல் நாளே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். கூடவே, சுத்தம் செய்த தரவு அட்டவணையையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இதுதான் பெரிய தவறு. அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் பாடமே இருக்கிறது.

கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் கரையில், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடுகள் கிடைத்த ஊர். 1979க்கு முந்தைய நூல்களில் அது கோயம்புத்தூர் மாவட்டம். அப்புறம் பெரியார் மாவட்டம். இப்போது ஈரோடு மாவட்டம். வெவ்வேறு காலத்து நூல்களிலிருந்து தரவு திரட்டி மாவட்டவாரியாகப் பிரித்தால் ஒரே ஊர் மூன்று இடங்களில் வந்து நிற்கும். மாணவர்களே பழைய அறிக்கைகளைப் புரட்டி அட்டவணை போடட்டும். நூலில் உள்ள பெயர், இன்றைய பெயர், நூல் வெளியான ஆண்டு என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். கொங்குப் பகுதியின் பழைய பிரிவுகளான 24 நாடுகளை வரைபடத்தில் காட்டும்போதும் இன்றைய மாவட்ட எல்லை போலக் கெட்டியான கோடு போட விடாதீர்கள். அந்தக் கோட்டுக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

சொல் எண்ணிக்கைப் பயிற்சியில் எழுத்துகளுக்குக் கணினியில் குறியீட்டு எண் கொடுக்கும் முறையான யூனிகோடைச் சொல்லித்தராமல் தாண்டிவிடுவது அடுத்த தவறு. ‘கொங்கு’ நமக்கு 3 எழுத்து. கணினிக்கு 6 குறியீடுகள். ‘கொ’வின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் 7. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் ஒன்று தப்பிவிடலாம். எண்ணும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ‘கொங்கில்’, ‘கொங்கிலிருந்து’, ‘கொங்குநாட்டார்’ மூன்றையும் வெறும் இடைவெளி பார்த்துப் பிரிக்கும் கருவி வேறுவேறு சொல்லாகத்தான் எண்ணும். இதைத் தெரியாமல் வரைந்த, அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் சொல்மேகத்தை வைத்து ஆய்வு முடிவு எழுதக் கூடாது. பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

உடுக்கையடித்துப் பாடும் கொங்கு நாட்டுப்புறக் கதைப்பாடலான அண்ணமார் கதையைப் பதிவுசெய்ய மாணவர்களை அனுப்புவது நல்ல விஷயம். பாடுபவருக்குப் பாடுபவர் கதை மாறும். எல்லாவற்றையும் கலந்து ‘சரியான வடிவம்’ ஒன்றை உருவாக்க வேண்டாம். பாடியவர் யார், எந்த ஊர், எப்போது பாடினார் என்ற விவரத்தோடு ஒவ்வொன்றும் தனியாக இருக்கட்டும். ஒலிப்பதிவு எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று பாடகரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். இணையத்தில் ஏற்றிய பிறகு கேட்பது அவரை அவமதிப்பது.

மதிப்பெண் போடும்போது அழகான வரைபடத்துக்கு மயங்கிவிடாதீர்கள். தரவில் எதை மாற்றினோம், எதை விட்டோம், ஏன் என்று மாணவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்புக்குப் பாதி மதிப்பெண்ணாவது ஒதுக்குங்கள்.