டிஎக்ஸ் கிளஸ்டரில் வெள்ளமாய்க் கொட்டும் ஸ்பாட்டுகளுக்கு ஒரு வடிகட்டி

ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் டிஎக்ஸ் ஸ்பைடர் கிளஸ்டரில் (எந்தத் தொலைதூர நிலையம் எந்த அலைவரிசையில் கேட்கிறது என்று ஹாம்கள் ஒருவருக்கொருவர் 'ஸ்பாட்' எனும் குறிப்புகளாகப் பகிரும் இணைய வலையமைப்பு) நுழைந்ததும் மிரண்டுபோவது இயல்புதான். யாரோ அமெரிக்காவில் கேட்ட சிக்னல், சேலத்தில் நம் ஆன்டெனாவுக்குப் பல நேரம் எட்டாது. ஆனால் திரை முழுக்க அதுதான் ஓடும்.

இதற்கு 'அக்செப்ட்/ஸ்பாட்ஸ் பை_ஜோன் 22' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஹாம்கள் உலகைப் பிரித்து வைத்திருக்கும் சிக்யூ ஜோன்களில் (மண்டலங்களில்) இந்தியா, இலங்கை எல்லாம் 22. இங்கே இருப்பவர்கள் கேட்டுப் போட்ட ஸ்பாட்டுகள் மட்டும் வரும். 'பை'க்கு அடுத்து இடைவெளி இல்லை, அடிக்கோடு. நான் இரண்டு நாள் இதில்தான் கோட்டை விட்டேன். அப்புறம் திரை வெறிச்சோடினால் பயப்படாதீர்கள், 'கிளியர்/ஸ்பாட்ஸ் ஆல்' கொடுத்தால் பழையபடி எல்லாம் வந்துவிடும்.

இன்னொன்று, 'செட்/க்யூஆர்ஏ' கட்டளையில் உங்கள் கிரிட்டை, அதாவது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எழுத்து-எண் குறியீட்டைப் பதிந்துவிடுங்கள். ஏற்காடு ஏரிப் பக்கம் என்றால் எம்கே91சிஎஸ். பிறகு 'ஷோ/ஹெட்டிங் ஜேஏ' என்றால் ஜப்பானுக்குப் பீமை (ஒரு திசை நோக்கிய ஆன்டெனாவை) எத்தனை டிகிரியில் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். 'ஷோ/சன்' காட்டும் சூரிய உதய நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.