சியாட்டில் பக்கம் புதிதாக வருகிறீர்களா? துப்பாக்கிப் பேச்சையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ரெட்மண்ட், பெல்வியூ, சமாமிஷ் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கு வீடு பிடிப்பதையும் பள்ளிக்கூட எல்லையையும் மழைக்கோட்டையும் பற்றி முன்னால் வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். துப்பாக்கியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் வங்கி வாசல் காவலாளியிடமும் போலீஸ்காரரிடமும் பார்த்ததோடு சரி. இங்கே உங்கள் பக்கத்து இருக்கையில் புரோகிராம் எழுதுகிறவரே வீட்டில் நாலைந்து வைத்திருக்கலாம். மதியச் சாப்பாட்டின்போது அவர் மேகசின் சட்டத்தைத் திட்ட ஆரம்பித்தால் என்ன ஏதென்று புரியாமல் முழிக்க வேண்டாம் என்பதற்காக இது.

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை, சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலை 1 முதல் விற்கக் கூடாது, தயாரிக்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. மீறினால் 364 நாள் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். முன்பே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். 2016-ல் முகில்டியோவில் ஒரு வீட்டு விருந்தில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அன்றைய அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) பாப் ஃபெர்குசன் விடாமல் கேட்டுக்கேட்டு, கடைசியில் ஆளுநர் ஜே இன்ஸ்லீ கையெழுத்துப் போட்ட சட்டம் இது. அதே ஃபெர்குசன்தான் 2025 முதல் ஆளுநர்.

‘பத்துத் தோட்டா போதாதா, இதற்கா இவ்வளவு கோபம்?’ என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். பத்து போதும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் சட்டத்தைத் திட்டுகிறவர்களை உட்காரவைத்துக் கேட்டால், அந்த எண் சின்ன விஷயம் என்பது தெரியும். 2018-ல் மாநில மக்களின் வாக்கெடுப்பு வழியாகச் சில வகை ரைபிள் வாங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2022-ல் மேகசின். 2023 ஏப்ரலில் ஏஆர்-15 என்ற ரைபிள் போன்ற துப்பாக்கிகளின் விற்பனைக்கே தடை. 2025-ல், துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே அனுமதி எடுக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம். அது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். இப்படி ஒன்றன் பின் ஒன்றாக வருவதைப் பார்க்கிறவருக்கு ‘அடுத்தது என் வீட்டு அலமாரிதான்’ என்ற பயம் வருகிறது. பயம் நியாயமா என்பது வேறு விஷயம். பயம் இருப்பது நிஜம்.

இன்னொரு குறை, கடையில் சாதாரணமாகக் கிடைத்ததையே சட்டம் ‘பெரிய கொள்ளளவு’ என்கிறதே என்பது. குளோக் 17 என்ற கைத்துப்பாக்கி வழக்கமாகப் பதினேழு தோட்டா மேகசினோடு வருவது. ஏஆர்-15க்கு முப்பது. மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கும் காஸ்கேட் மலைக்குக் கிழக்கே போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஷெரிஃப் (உள்ளூர் போலீஸ் அதிகாரி) வந்து சேர வெகுநேரமாகும் பண்ணை வீட்டுக்காரர், சியாட்டில் வாக்காளர்கள் தன் தலையில் கட்டிய சட்டம் என்பார். 2018 கட்டுப்பாட்டை அமல்படுத்த மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார், ரிபப்ளிக் என்ற சிற்றூரின் போலீஸ் தலைவர் லோரன் கல்ப். அந்தப் பெயரை வைத்தே 2020-ல் ஆளுநர் தேர்தலில் நின்று, இன்ஸ்லீயிடம் தோற்றார்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த மேகசின் சட்டத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மான் வேட்டைக்குப் போகிற சிலருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ‘கொலை செய்யத் துணிந்தவன் மேகசின் சட்டத்துக்கா அடங்குவான்?’ என்று கேட்கிறவர்களும் உண்டு. மேகசின் மாற்றும் சில நொடிகளில் யாராவது தப்பித்து ஓடலாம் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்கள் அதற்குச் சொல்லும் பதில்.

நீதிமன்றக் கதையும் அடிக்கடி காதில் விழும். 2024 ஏப்ரல் 8 அன்று கௌலிட்ஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிபதி ஒருவர் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். வழக்கில் சிக்கியிருந்தது கெல்சோ ஊரின் கேட்டர்ஸ் கஸ்டம் கன்ஸ் கடை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த இடைவெளிக்குள் மேகசின் வாங்கிக்கொண்டவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2025 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. இத்தகைய மேகசின்கள் ‘ஆயுதம்’ என்ற வரையறைக்குள்ளேயே வராது என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. எதிர்த்தவர்களுக்கு ஆத்திரம் மூட்டியது அந்த வரிதான்: ‘மேகசின் இல்லாமல் துப்பாக்கி எப்படி வேலை செய்யும்?’

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். எந்த மாநிலமானாலும் இதுதான் விதி, டெக்சஸிலும் அப்படியே. சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது அதில் முக்கியமானது. தண்டனை பதினைந்து ஆண்டு வரை போகலாம், விசாவும் கிரீன் கார்டு கனவும் அதோடு போய்விடும். டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, ‘ஒரு தடவை சுட்டுப் பாரேன்’ என்பார்கள். அதுவும் ‘வைத்திருப்பது’ என்ற கணக்கில் வரும். கூட்டிப்போகிறவருக்குப் பெரும்பாலும் இந்த விதி தெரியாது; அவர் குடிமகன், அவருக்கு இது தேவைப்பட்டதே இல்லை. ‘என் விசாவில் அனுமதி இல்லை’ என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். துப்பாக்கி சுடுகிற படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிற நம் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம்மவர்களிலும் இப்போது துப்பாக்கி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது வீடு மாறும்போது. டெக்சஸில் வாங்கிய முப்பது தோட்டா மேகசினை மூட்டை முடிச்சோடு வாஷிங்டனுக்கு ஏற்றிவந்தால், அது வெளியிலிருந்து கொண்டுவருவது. அங்கே சட்டப்படி வாங்கியது என்பது இங்கே செல்லாது. இங்கேயே வைத்திருந்ததை வெளிமாநிலத்துக்கு எடுத்துப்போய் அதையே திரும்பக் கொண்டுவரலாம், அதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஸ்போகேனிலிருந்து எல்லை தாண்டினால் ஐடஹோ, அங்கே இந்த வரம்பு கிடையாது. அங்கே வாங்கிவரும் கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போங்கள், உங்கள் காரில் மட்டும் ஏற்றாதீர்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி. அங்கே பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம், பழசுக்கும் பொதுவான விலக்கு இல்லை. லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்பே, போகிற மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.