ஆங்கிலக் கடிதத்தில் 'ரிக்வெஸ்ட்' பிசகாமல் எழுத

கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கேட்டுக் கல்லூரிக்கு ஒரு கடிதம். தங்கை மகள் எழுதியதைத் திருத்தும்போது குறித்து வைத்ததுதான் இது. லீவ் லெட்டர், வங்கி மனு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அனுப்புநர், பெறுநர் எழுதுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே வினைச்சொல்லுக்குப் போவோம்.

படி 1: 'ஃபார்' வேண்டுமா?

'ஆஸ்க்' என்றால் 'ஆஸ்க் ஃபார் எ ரீஃபண்ட்'. அதே பழக்கத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் எ ரீஃபண்ட்' என்று எழுதிவிடுகிறோம். வினையாக வரும்போது ரிக்வெஸ்டுக்கு 'ஃபார்' கிடையாது: 'ஐ ரிக்வெஸ்ட் எ ரீஃபண்ட்'. பெயர்ச்சொல்லாக வந்தால் உண்டு: 'மை ரிக்வெஸ்ட் ஃபார் எ ரீஃபண்ட்'. முன்னால் 'மை', 'யுவர்', 'எ' நின்றால் பெயர்; 'ஐ', 'வீ', 'ஹீ' நின்றால் வினை. அவ்வளவுதான்.

படி 2: யாரைக் கேட்கிறோம்?

தமிழில் 'அவரிடம்' என்பதால் 'ரிக்வெஸ்ட் டு யூ' என்று கை போகும். வேண்டாம். ஆளை ஒட்டி வையுங்கள், 'டு' அதற்குப் பிறகு வரட்டும்: 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரீஃபண்ட் தி ஃபீ.'

படி 3: 'தட்' வந்தால்

இங்கே நிதானமாகப் படியுங்கள். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் இது.

'தி பிரின்சிபால் ரிக்வெஸ்டட் தட் தி ஆஃபீஸ் ரீஃபண்ட் தி ஃபீ.'

'ஆஃபீஸ்' ஒருமை, 'ரீஃபண்ட்ஸ்' என்று வர வேண்டாமா? முதல் வினை இறந்தகாலம்; 'ரீஃபண்டட்' ஆக வேண்டாமா? இரண்டும் வேண்டாம். 'ரிக்வெஸ்ட் தட்' என்பதற்குப் பின் வரும் வினை வெறும் வேர்வடிவில் நிற்கும். ஆள், காலம் எதற்கும் அசையாது. 'பீ' வினைக்கும் அப்படியே: 'ஐ ரிக்வெஸ்ட் தட் தி ஃபீ பீ ரீஃபண்டட்.' 'இஸ்' இல்லை, 'வில் பீ'யும் இல்லை. எதிர்மறைக்கு 'நாட்' முன்னால் வரும்: 'தட் தி அமௌன்ட் நாட் பீ டிடக்டட்.' காதுக்கு உறுத்தினால் 'ஷுட்' சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் வழக்கில் 'தட் தி ஃபீ ஷுட் பீ ரீஃபண்டட்' சரிதான்.

எதற்கு இந்தப் பாடு என்றால், எந்த செக்‌ஷனில் யார் வேலையைச் செய்வார் என்று தெரியாத கடிதத்துக்கு இந்த அமைப்பைப் போல வசதியானது வேறில்லை. 'ரெக்கமண்ட்', 'டிமாண்ட்', 'இன்சிஸ்ட்' இவற்றோடும் இதே விதி.

படி 4: 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு'

ரயில் நிலைய அறிவிப்பு, சுற்றறிக்கை, நோட்டீஸ் போர்டு எல்லாவற்றிலும் இருக்கும். பார்க்கப் பணிவு, உள்ளே உத்தரவு. அலுவலகம் மக்களுக்கு எழுதலாம். நீங்கள் மேலதிகாரிக்கு 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு சாங்ஷன் மை லீவ்' என்று எழுதினால் அவர் புருவம் உயரும். 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு' போதும். இன்னும் மென்மை வேண்டுமானால் 'ஐ வுட் லைக் டு ரிக்வெஸ்ட்'. கூட வேலை செய்பவருக்கு மெயில் என்றால் ரிக்வெஸ்டே வேண்டாம், 'குட் யூ ப்ளீஸ்' என்று கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் நான் திறப்பது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி தளம். சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டிவிடும். கூகுள் டிரான்ஸ்லேட்டை இதற்கு நம்பாதீர்கள். அர்த்தம் கிடைக்கும், அமைப்பு கிடைக்காது.

பின்சேர்க்கை: ''ஐ ரிக்வெஸ்ட் லீவ் ஃபார் டூ டேஸ்' தப்பா?' என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். சரியான வாக்கியம்தான். அந்த 'ஃபார்' நாள் கணக்குக்கு வந்தது, ரிக்வெஸ்டுக்கு வந்ததில்லை. இன்னொருவர் அனுப்பிய கடிதத்தில் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு ப்ளீஸ் கைண்ட்லி' என்றிருந்தது. 'ப்ளீஸ்', 'கைண்ட்லி' இரண்டையுமே அடித்துவிடுங்கள். கேட்டுக்கொள்கிற வேலையை ரிக்வெஸ்டே செய்துவிட்டது.