வர்ணம் பூசிய தாளில் படம் ஏற்றும்போது நேரும் பிழைகள்

வர்ணம் பூசிய தாளில் ஜெல் மீடியம் (அக்ரிலிக் ஓவியத்துக்கான பசைபோன்ற களிம்பு) பூசி, அச்சடித்த படத்தைக் கவிழ்த்து ஒட்டி, காய்ந்ததும் அச்சுத் தாளை நனைத்துத் தேய்த்து எடுத்தால் படம் மட்டும் வர்ணத்தின்மேல் தங்கும். இதற்கு ஸ்டூடியோவில் கழுவிய மூலப்படத்தில் நேரே பசை தடவாதீர்கள். வன்னியில் 2009 வரையான இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் ஏராளம். மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களில் விளையாடக் கூடாது. அந்தத் தாளிலிருந்து நிறம் கழன்று வராது, படமும் பாழாகும். போனில் நிழல் விழாமல் எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள்.

அச்சு லேசர் பிரிண்டரில், சாதாரண ஏ4 தாளில் இருக்க வேண்டும். போட்டோக்கொப்பிக் கடையில் கேட்டாலே போதும். லேசரின் டோனர் தாளின் மேல் சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். ஜெல் மீடியம் அதைப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரத்தில் கலங்கிவிடும். சந்தேகமென்றால் மூலையில் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். மை விரலில் ஒட்டினால் அந்தத் தாள் வேண்டாம். அச்சடிக்க முன் படத்தை இடவலமாகத் திருப்பவும் மறக்காதீர்கள். மறந்தால் கோயில் வாசல் எழுத்து மட்டுமல்ல, அம்மம்மாவின் சேலைத் தலைப்பும் வலது தோளுக்குப் போய்விடும்.

ஆனால் அதிகம் கெடுவது வர்ணத்தில்தான். பிரிண்டர் வெள்ளையை அச்சடிப்பதில்லை. படத்தில் வெளிச்சமான நெற்றி, வானம், வெள்ளைச் சட்டை எல்லாம் நீங்கள் பூசிய நிறத்திலேயே தெரியும். இரணைமடுக் குளத்து நீரென்று கடும் நீலத்தை அப்பிவிட்டு அதன்மேல் முகத்தை ஏற்றினால் கறுத்த திட்டு ஒன்றுதான் மிஞ்சும். முகம் விழும் இடத்தில் வெளிர் மஞ்சளோ இளங்காவியோ போதும், அடர் நிறங்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள். வோட்டர் கலர் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். தண்ணீர் விட்டு இளக்கிய அக்ரிலிக் அப்படிக் கரையாது, நான் அதையே சொல்வேன். வர்ணம் பூசும் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்), வழுவழுப்பானதாக இருக்கட்டும். சொரசொரப்பான தாளின் குழிகளில் படம் ஒட்டாது.

ஜெல்லை மெல்லிதாகச் சமமாகப் பூசி, படத்தைக் கவிழ்த்து, பழைய போன் காட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை அழுத்தித் தள்ளுங்கள். சோளகக் காற்றடிக்கும் நாளில் படம் வைக்கும் முன்பே ஜெல் காய்ந்துவிடும், விசிறியை நிறுத்துங்கள். பிறகு ஒரு நாள் விட வேண்டும். கார்த்திகை மழையில் இன்னும் கூட.

அப்புறம் உரிப்பது. ஸ்பொஞ்சால் நனைத்து, சற்றுப் பொறுத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் வெள்ளைத் திரிகளாக உருண்டு வரும். நகம் படக்கூடாது. திரியில் கறுப்புத் தெரிந்தால் டோனரையே தேய்க்கிறீர்கள். உடனே நிறுத்திக் காயவிடுங்கள். காய்ந்ததும் படத்தின்மேல் வெள்ளை மங்கல் படியும். படம் பழுதாகிவிட்டது என்று பலர் அங்கேதான் ஓட்டை விழும்வரை தேய்க்கிறார்கள். அது மிஞ்சிய தாள் நார். இன்னொரு தரம் மெதுவாகத் தேய்த்துக் காயவைத்து, மீடியத்தை மெல்லிதாக ஒரு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.