இறைப்புக் கணக்குக்கு எந்த வானிலை நிலையம்?

யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் நட்டவர் எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டுமென்று கணக்கிட, வரைபடத்தில் கிட்ட உள்ள வானிலை நிலையத்தின் தரவைத்தான் முதலில் எடுப்பார். பெரும்பாலும் அங்கேதான் பிழை தொடங்கும். தூரத்தை விட முக்கியம், அந்த நிலையத்தின் கருவிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது, காற்று எதைக் கடந்து அங்கு வருகிறது என்பவை.

வானிலைத் தரவைக் கொண்டு பென்மன்–மொண்டீத் சூத்திரம் தருவது அடிப்படை நீரிழப்பு. 12 சென்ரிமீற்றர் உயரமுள்ள, தண்ணீர் குறையாத புல்வெளி ஒரு நாளில் இழக்கும் நீரின் அளவு அது. எனவே தரவும் ஈரமான பச்சைத் தரையின் மேல் அளந்ததாக இருக்க வேண்டும். கொங்கிறீற்றுத் தரையிலோ ஓடுபாதை ஓரத்திலோ காய்ந்த வெறுந்தறையிலோ நிற்கும் நிலையம் பகலில் கூடிய வெப்பத்தையும் குறைந்த ஈரப்பதனையும் காட்டும். கணக்கில் நீரிழப்பு ஊதிப்போகும்.

எவ்வளவு ஊதும்? வெப்பம் 30 பாகை, சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் உள்ள பங்கு) 75 வீதம், 2 மீற்றர் உயரத்தில் காற்று செக்கனுக்கு 3 மீற்றர், நிகரக் கதிர்வீச்சு நாளுக்குச் சதுர மீற்றருக்கு 13 மெகாயூல் என்று வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 5.1 மில்லிமீற்றர் வரும். சாரீரப்பதனை மட்டும் 65 ஆக்கினால் 5.75. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்பதால், ஒரு பரப்பில் ஒரு மில்லிமீற்றர் என்பது 253 லீற்றர். பத்துப் பரப்புத் தோட்டத்தில் இந்த வித்தியாசமே நாளுக்கு 1600 லீற்றரைத் தாண்டும். கிணற்றுக்கு வீண் சுமை. அதிகமாக இறைத்த தண்ணீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, நாம் குடிக்கும் அதே நீரில்தான் சேரும்.

முதலில் திருநெல்வேலி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கம், தீவகம் (மேற்கே உள்ள தீவுகள்) என்று கைக்கெட்டிய நிலையங்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு விடயம் கேட்டுக் குறியுங்கள்: தரை என்ன, காற்றுவேகமானி எந்த உயரத்தில், பக்கத்தில் கட்டிடமோ மரமோ உண்டா, நிலையம் எப்போதாவது இடம் மாறியதா. தடையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வெளியாக இருந்தால் நல்லது. போர்க்காலத்துத் தரவு இடைவெளிகளைப் பக்கத்து நிலையத்தைக் கொண்டு நிரப்பியிருந்தால், நிரப்பிய ஆண்டுகளைத் தேர்வுக்குப் பாவிக்க வேண்டாம்.

வானிலை நிலையங்கள் காற்றைப் பெரும்பாலும் 10 மீற்றர் உயரத்தில் அளக்கும். சூத்திரம் கேட்பது 2 மீற்றர். 0.75 ஆல் பெருக்க மறப்பது வழக்கமான பிழை. மேலே சொன்ன 75 வீத நாளில் அது 5.1 ஐ 5.3 ஆக்கும். காய்ந்த நாளில் பிழை இன்னும் பெரிதாகும்.

அடுத்தது காற்றின் திசை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நமக்கு இறைப்பு கூடிய காலம் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை. அப்போது தீவகத்துக்குக் காற்று நேரே கடலிலிருந்து வரும். வடக்கே உள்ள காங்கேசன்துறைக் கரைக்கோ வலிகாமத்துத் தரையைக் கடந்த பிறகுதான் வரும். வாடையில் (வடகிழக்குக் காற்றில்) இது தலைகீழ். ஆகவே மாரியில் கரையோர இயல்போடு இருந்த வடகரை நிலையம், சோளகத்தில் உள்ளூர்த் தோட்டத்தை ஒத்திருக்கலாம். ஆண்டுச் சராசரியை ஒப்பிட்டு நிலையத்தைத் தெரிந்தெடுத்தால் இது கண்ணுக்குத் தெரியாமற் போகும். சோளக மாதங்களைத் தனியே ஒப்பிடுங்கள்.

பிறகு தரவைச் சோதியுங்கள். காற்று அடங்கிய இரவுகளில், ஈரத்தரை நிலையத்தின் மிகக் குறைந்த வெப்பம் பனிபடுநிலைக்கு (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கிட்ட வரும். வித்தியாசம் தொடர்ந்து 2 பாகைக்கு மேல் இருந்தால் தரை காய்ந்தது என்று எடுங்கள். சோளக இரவுகளில் காற்றே இதைக் குழப்பும் என்பதால் மாசி, பங்குனி இரவுகளைப் பாருங்கள். கதிர்வீச்சுக்கு, முகில் இல்லாத நாட்களின் அளவு வளிமண்டலத்துக்கு வெளியே கிடைக்கும் கதிர்வீச்சின் 75 வீதத்தைத் தொட வேண்டும். எப்போதும் கீழேயே நின்றால் கருவியில் தூசியோ உப்போ படிந்திருக்கும். கடலுக்குக் கிட்ட இது சாதாரணம்.

சந்தேகம் தீராவிட்டால் தோட்டத்திலேயே நிழற்கூண்டுக்குள் உலர்–ஈரக் குமிழ் வெப்பமானி வைத்து மூன்று கிழமை வாசியுங்கள். தோட்டத்து வாசிப்புக்கும் நிலையத்தின் தரவுக்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் ஒரே அளவாக நிற்கும் நிலையத்தைத் திருத்திப் பாவிக்கலாம். தாறுமாறாக ஏறி இறங்குவதைக் கைவிடுங்கள், அது படலைக்கு முன்னால் இருந்தாலும்.

வெப்பத் தரவு மட்டும் இருந்தால் ஆகிரீவ்சு சூத்திரம் கைகொடுக்கும். ஆனால் பலத்த காற்றில் குறைவாகவும் ஈரமான மாதங்களில் கூடவும் காட்டும். திருத்தாமற் பாவித்தால் சோளகத்தில் பயிர் வாடும்.

மழையை இந்த நிலையத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். சித்திரையில் உரும்பிராயில் கொட்டும் மழை கோப்பாயை நனைக்காமற் போகலாம். தோட்டத்தில் ஒரு மழைமானி வையுங்கள். காலை 8.30 க்கு வாசிக்கும் அளவு முந்திய 24 மணித்தியாலத்துக்கு உரியது. அதை நீரிழப்பிலிருந்து கழிக்கும்போது ஒரு நாள் தள்ளிப் போட்டால் கணக்கு முழுதும் நழுவும்.

தெரிந்தெடுத்த நிலையத்தின் 5.1 ஐ வெங்காயத்தின் நடுப்பருவக் குணகம் (புல்லின் நீரிழப்பைப் போல் பயிர் இழப்பது எத்தனை மடங்கு) 1.05 ஆல் பெருக்கினால் 5.35 மில்லிமீற்றர், பரப்புக்கு 1350 லீற்றர். வாய்க்காலில் விடும் தண்ணீரில் 70 வீதம் வேருக்குச் சேருமென்றால் இறைக்க வேண்டியது 1930 லீற்றர். உங்கள் பம்பு ஒரு பரலை (பீப்பாயை) எத்தனை செக்கனில் நிரப்புகிறது என்று பார்த்து, அதை நிமிடமாக்கிக்கொள்ளுங்கள்.