கச்சேரி வாத்தியக்காரர் திரைப்படத்துக்கு மெட்டமைக்கும்போது

வயலின், வீணை, புல்லாங்குழல் என எந்தக் கருவியில் தேர்ந்தவராக இருந்தாலும், தமிழ்த் திரைப்படத்துக்கு முதன்முறையாக மெட்டமைக்க உட்காரும்போது அந்தக் கருவியை உறையில் வைத்துவிட்டு வாயால் பாடியே தொடங்குங்கள். வீணையில் மூன்றரை ஸ்தாயி (ஒரு ஸ்தாயி என்பது ‘ச’ முதல் அடுத்த மேல் ‘ச’ வரை) வரை விரல் தயங்காமல் ஓடும். பாடகரின் குரலோ பெரும்பாலும் இரண்டு ஸ்தாயிக்குள்தான் சுகமாக நிற்கும். விரலுக்கு எளிதான தாவல் பல்லவியில் புகுந்துவிட்டால் ஒலிப்பதிவின்போது பாடுபவருக்கு மூச்சு வாங்கும். 1964-இல் வெளிவந்த ‘பொம்மை’ படத்துக்கு இசையமைத்த எஸ். பாலசந்தர் பெரும் வீணை வித்துவான். ஆயினும் அதில் வரும் ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ என்ற மெட்டைச் சிறுபிள்ளையும் முணுமுணுக்கலாம்.

பாடலாசிரியருக்கு மெட்டைக் கொடுக்கும்போது வாத்தியத்தில் வாசித்துக் காட்டாமல் ‘தன்ன தனனா’ என்று தத்தகாரமாகப் பாடிக் கொடுப்பதே முறை. நீண்ட கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நின்று இழுக்கும் நீட்டம், விழும் இடத்தைத் தத்தகாரத்தில் நெடிலாகவே பாட வேண்டும். அங்கே குறிலைப் பாடினால் அவரும் குறிலையே எழுதுவார். பிறகு ‘மனம்’ என்ற சொல் கார்வையில் இழுபட்டு ‘மனாம்’ என்று ஒலிக்கும். வாத்தியக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் வில்லுக்குக் குறிலும் இல்லை, நெடிலும் இல்லை.

ராகத்தைத் தேரும்போது அதன் கீழே கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’) அசைந்துகொண்டே இருக்கும் ஸ்வரம். கீபோர்டில் ஒரு கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன்மேல் அந்தக் காந்தாரத்தைப் பாடிப் பாருங்கள், ஒவ்வோர் அசைவும் கார்டோடு உரசுவது காதில் விழும். அத்தகைய இடங்களில் தம்பூராச் சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு கார்டுகளை இடையிசைக்கு ஒதுக்கலாம். சங்கராபரணம், நடபைரவி, கீரவாணி ஆகியவற்றின் ஸ்வரங்கள் முறையே மேற்கத்திய இசையின் மேஜர், நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர் ஸ்கேல்களோடு (ஸ்வர வரிசைகளோடு) பொருந்துவதால் புதியவருக்கு வசதியானவை. ஆனால் கார்டுக்காகக் கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது) முழுவதையும் வழித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்கேல்தான். கமகம் அடர்ந்த மெட்டே வேண்டுமென்றால் அதற்கேற்ற குரலைத் தேடுங்கள். வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் ‘தெய்வம்’ (1972) படத்தின் ‘மருதமலை மாமணியே’ பாடலுக்குக் கச்சேரிப் பாடகரான மதுரை சோமுவையே அழைத்தார்.

ஒலிப்பதிவுக்கு முன், காதில் சீராகத் தட்டி வேகம் காட்டும் கிளிக் டிராக்கோடு வாசித்துப் பழகிக்கொள்வது அவசியம். வாத்தியக் குழுவினருக்கு மேற்கத்திய இசைக்குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதித் தரும்போது கமகம் தாளில் ஏறாது என்பதால், அந்த வரிகளை நீங்களே ஒருமுறை பாடிக் காட்டிவிடுங்கள்.

பின்னணி இசையில் கணக்கு தாளச் சுற்றான ஆவர்த்தனத்திலிருந்து நொடிக்கு மாறுகிறது: கதாநாயகி கதவைத் திறப்பதற்குள் 6 நொடிதான் என்றால் ராகத்தின் சாயலை இரண்டே பிடிகளில் (ராகத்தை அடையாளம் காட்டும் சிறு ஸ்வரத் தொடர்களில்) காட்டி நிறுத்த வேண்டும். உங்கள் கருவியை எல்லாக் காட்சியிலும் நுழைக்காதீர்கள். வசனத்தின் மேல் வயலின் ஏறினால் மிக்சிங்கில் முதலில் குறைக்கப்படுவது வயலின்தான்.